கைக்கு வராத பாடம்

நோயாளியை நகர்த்த வேண்டாம், அறிவை நகர்த்தினால் போதும் என்கிறார்கள். புற்றுநோய்ப் பணியாளர்களுக்கான பயிற்சியை இணையத்துக்குக் கொண்டுபோனவர்களின் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வல்லுநர் பேசுவதை திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பக்கத்து மருத்துவர் தன் மேசையிலிருந்தே கேட்கலாம், சந்தேகம் கேட்கலாம், வாரம் தவறாமல் வந்தால் சான்றிதழும் பெறலாம். அதனால்தான் இந்தப் பயிற்சியைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கோடு தொடங்கி அதே கணக்கோடு முடிக்கிறார்கள். சான்றிதழ் வாங்கிய செவிலியரின் கண்ணில் அடுத்த மாதம் எது பட்டது, எது தப்பியது என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. என் ஆட்சேபம் அங்கேதான். அது நெடுநாளாக என்னிடம் உள்ள ஆட்சேபம்.

இணைய வழியால் வந்த நன்மைகளை மறுக்கவில்லை. கீமோ மருந்தின் அளவு, அதன் பக்கவிளைவு, மருந்தைச் சிந்தாமல் கையாளும் முறை, வலிக்கு மார்பின் கொடுப்பதில் உள்ள அச்சத்தைப் போக்குவது, இவற்றையெல்லாம் திரை வழியே நன்றாகவே கற்பிக்கலாம். டாட்டா நினைவு மருத்துவமனையின் முன்முயற்சியில் 2012இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில், சிக்கலான ஒரு நோயாளியைப் பற்றிப் பல ஊர் மருத்துவர்கள் இணையத்தில் கூடிப் பேசி முடிவெடுக்க முடிகிறது. கொரோனா காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. கைக்குழந்தையோடு இருக்கும் செவிலியரை ஒரு மாதம் சென்னைக்கு வா என்று கூப்பிடுவதும் எளிதல்ல. இவ்வளவும் சரி.

ஆனால் நம் ஊர்களில் புற்றுநோய்ப் பணி என்பதில் பெரும்பகுதி பரிசோதனை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் வீடு வீடாகப் போகிறது. 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், கன்னியாகுமரி, ராணிப்பேட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில் ஒழுங்கமைந்த புற்றுநோய்ப் பரிசோதனையை அரசு தொடங்கியது. வாய், மார்பகம், கருப்பைவாய் என மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவர் செவிலியர். மூன்றுமே கண்ணாலும் கையாலும் செய்கிற வேலை.

இணையப் பயிற்சிக்காரர்கள் காட்டும் பெருமைக்குரிய சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் சஞ்சீவ் அரோரா 2003இல் 'எக்கோ' என்ற முறையைத் தொடங்கினார். ஹெபடைடிஸ்-சி நோய்க்குச் சிகிச்சை கொடுக்கச் சிற்றூர் மருத்துவர்களுக்கும் சிறை மருத்துவர்களுக்கும் காணொலி வழியே வாரந்தோறும் வழிகாட்டினார். 2011இல் வெளியான ஆய்வின்படி, பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள். சிற்றூர்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். மிகச் சிறந்த வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த நோயைக் கண்டுபிடிப்பது ரத்தப் பரிசோதனை. குணப்படுத்துவது மருந்து. மருத்துவர் செய்ய வேண்டியது ஆய்வக எண்களைப் படித்து, மருந்தின் அளவை மாற்றி, பக்கவிளைவைக் கவனிப்பது. அது முழுக்கச் சொல்லால் கடத்தக்கூடிய அறிவு. அந்த வெற்றியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கருப்பைவாய்ப் பரிசோதனையின் மேல் வைத்தால் பொருந்துமா? முறை ஒன்றுதான் என்பதற்காக வேலையும் ஒன்றாகிவிடாது.

வேலை என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் புற்றுக்குச் செய்யும் எளிய பரிசோதனையை வி.ஐ.ஏ. என்கிறார்கள். ஸ்பெகுலத்தை உள்ளே செலுத்தி, விளக்கைத் திருப்பி, கருப்பைவாய் முழுவதும் தெரியும்படி நிறுத்த வேண்டும். மூன்று முதல் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவ வேண்டும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வகைத் தோல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி அடர்ந்த வெள்ளைத் திட்டு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயல்ல. புண் ஆறும் இடமும் வெளுக்கும், வெறும் அழற்சியும் வெளுக்கும், சிறு நீர்க்கட்டிகளும் வெண்மையாய் மினுங்கும். திட்டின் விளிம்பு கூர்மையா மங்கலா, அது எல்லைக்கோட்டைத் தொடுகிறதா தள்ளி நிற்கிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த எல்லைக்கோடே உள்ளே ஏறி மறைந்துவிடும். அவர்களிடம் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதும் 'ஒன்றும் இல்லை' என்பதும் வேறு வேறு. பரிசோதனைக்கு வந்த பெண் கூச்சத்திலும் பயத்திலும் உடம்பை இறுக்கிக்கொண்டால் ஸ்பெகுலம் நிலைகொள்ளாது. அவரிடம் பேசிக்கொண்டே, வலிக்காமல், மூன்று நிமிடத்துக்குள் இதை முடிக்க வேண்டும்.

காணொலிப் பாடத்தில் இவையெல்லாம் உண்டு. படங்கள் தெளிவாகவே இருக்கும். தெளிவான படங்களைத்தானே தேர்ந்தெடுத்துப் போடுவார்கள். எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பணிபுரியும் செவிலியர், காலை ஓ.பி. முடிந்து ஊசி அறையில் நின்றபடியே ஒற்றைக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடம் கேட்பவர், என்னிடம் சொன்னார்: "வீடியோவுல பாக்கறப்ப பளிச்சுனு தெரியுதுங்க. ஆனா ஒரு அம்மிணி வந்து படுத்தா, ஒண்ணுகூட அந்தப் படத்தாட்ட இல்லீங்ளே. சந்தேகமா இருந்தா யாரைக் கூப்புட்டுக் காட்டறதுங்க?" பாடத்தின் இறுதித் தேர்வில் அவர் நல்ல மதிப்பெண் வாங்கியவர். அந்தக் கேள்விக்குத்தான் தேர்வில் இடமில்லை.

விசைத்தறிக் கூடத்தில் பாவு பிணைக்க எவரும் பார்த்து மட்டும் கற்றதில்லை; பிணைத்துக் காட்டிய பிறகு பக்கத்தில் நிற்பவர் இழுத்துப் பார்த்து, அறுந்தால் மறுபடி பிணைக்கச் சொல்வார். செவிலியருக்கும் அப்படி ஒருவர் தேவை. அவர் பார்த்த அதே கருப்பைவாயை, அதே விளக்கில், அதே நிமிடத்தில் இன்னொருவர் பார்த்து, "இல்லை, இது அழற்சி" என்றோ "இங்கே பார், இதை விட்டுவிட்டாய்" என்றோ சொல்ல வேண்டும். அப்படிப் பலமுறை திருத்தப்பட்ட கண்தான் பயிற்சி பெற்ற கண். இணையப் பாடம் தருவது பாடத்தை மட்டும். திருத்தத்தை அது தருவதில்லை. திருத்தம் இல்லாமல் ஆயிரம் பேரைப் பார்த்தாலும் முதல் நாள் செய்த தவறே ஆயிரம் முறை உறுதிப்படும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. வெள்ளகோவிலிலிருந்து தாராபுரம் வழியே தெற்கே போனால் ஒட்டன்சத்திரம், அதற்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வை உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், நாம்தான் பேசுவதில்லை. ஆர். சங்கரநாராயணன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களுக்கு வி.ஐ.ஏ. பரிசோதனை செய்தவர்கள் செவிலியர்கள்தான். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு சந்தேகத்துக்குரிய திட்டு தெரிந்தது. அவர்களை அங்கேயே கருப்பைவாய் நோக்கியால் பார்த்து, தேவையானவர்களுக்குத் திசு எடுத்து, முன்நிலைப் புண்ணை உறைய வைத்து அழித்தார்கள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

இதே எளிய பரிசோதனை, இதே வினிகர் அமிலம், இதே போன்ற கிராமத்துச் செவிலியர்கள். வேறுபாடு எங்கே? அந்தச் செவிலியர் பார்த்ததை உடனே கருப்பைவாய் நோக்கி சரிபார்த்தது. திசு ஆய்வு வந்து அதையும் சரிபார்த்தது. தான் எங்கே சரி, எங்கே தவறு என்று செவிலியருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அம்பிளிக்கையில் புற்றுநோய்ப் பதிவேடு இருந்ததால் யார் நோயுற்றார், யார் இறந்தார் என்பதும் கடைசிவரை தெரிந்தது. அவர்கள் தங்கள் வேலையைச் சாவு எண்ணிக்கையில் அளந்தார்கள். நாம் சான்றிதழில் அளக்கிறோம்.

மும்பையிலும் இதையே காண்கிறோம். குடிசைப் பகுதிகளில் பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு நேரடிப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே வி.ஐ.ஏ. செய்தார்கள், சாவு 31 சதவீதம் குறைந்தது. அதே ஊரில் கையால் தொட்டு மார்பகம் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மற்ற வயதினரில் அந்த அளவு பயன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று விரல்களின் நுனித்தசையால், மேலாக, நடுவாக, ஆழமாக என்று மூன்று அழுத்தத்தில் வட்டமாகத் தடவிக்கொண்டே போவதுதான் அந்தப் பரிசோதனை. அழுத்தம் எவ்வளவு என்பதை எந்தத் திரையால் சொல்ல முடியும்? வாயிலும் இதே கதை. தாடைக்குள் புகையிலையை அடக்கிப் பழகியவரின் கன்னத்தை இரண்டு விரலால் விலக்கினால் வெள்ளைப் படலம் எவருக்கும் தெரியும். அதைவிட ஆபத்தான சிவந்த திட்டு, வெற்றிலைச் சாற்றின் சிவப்போடு கலந்து, பழகாத கண்ணுக்குத் தப்பிவிடும்.

என்னோடு முரண்படுகிறவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. நல்ல இணையப் பயிற்சிகள் வாரக்கணக்கான வகுப்புக்குப் பிறகு சில நாள் நேரடிப் பயிற்சிக்கும் அழைக்கின்றனவே என்பார்கள். உண்மைதான். நொய்டா நிறுவனமே அப்படிச் செய்திருக்கிறது. அதை வடிவமைத்தவர்களுக்குத் திரை போதாது என்று தெரிந்திருக்கிறது என்பதுதான் இதன் பொருள். ஆனால் இந்த முறை கீழே இறங்கி வரும்போது முதலில் கழன்று விழுவது அந்த நேரடி நாட்கள்தான். போக்குவரத்துப்படி வேண்டும், மாற்று ஆள் வேண்டும், கற்றுக்கொடுக்கக் கோவையிலோ ஈரோட்டிலோ அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் செலவு. இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதற்குச் செலவில்லை. அதனால் இணைப்பு வருகிறது, ஆசிரியர் வருவதில்லை. இணையப் பயிற்சியின் பெயரால் நிர்வாகம் தன் கடமையைச் செவிலியரின் கைப்பேசிக்குள்ளே தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது என்றே சொல்வேன். கடுமையான சொல் என்பவர்கள், பயிற்சி நேரம் பணி நேரத்தில் சேர்க்கப்படுகிறதா என்று எந்தச் செவிலியரிடமும் கேட்டுப் பார்க்கட்டும்.

இதன் விலையைக் கொடுப்பது செவிலியர்கூட அல்ல. எண்ணெய் ஆலையிலோ தறியிலோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வருகிற பெண்தான். தவறாகச் சந்தேகப்பட்டால் அவள் இன்னும் இரண்டு நாள் கூலியை இழந்து திருப்பூருக்கோ கோவைக்கோ அலைய வேண்டும். வீட்டில் பேச்சு கிளம்பும். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரியையும் போகவிட மாட்டாள். சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டாலோ இன்னும் மோசம். 'எல்லாம் நல்லாருக்கு' என்ற சீட்டைக் கையில் வைத்திருப்பவள், ரத்தப்போக்கு வந்தாலும் பல மாதம் பொறுத்துக்கொள்வாள். பரிசோதனைக்கே போகாதவளாவது பயந்து சீக்கிரம் போயிருப்பாள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. அதுவே இந்திய சராசரியைப்போல ஐந்து மடங்கு. இவ்வளவு சிரமப்பட்டு வரவழைத்த பெண்ணின் முன்னால் நிற்கும் கண் பழகாத கண்ணாக இருப்பது பெரிய அநியாயம்.

எச்.பி.வி. என்ற கிருமியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதைத்தான் முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. பெண்ணே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம், கண் தேவையில்லை. வரட்டும், விரைவில் வரட்டும். ஆனால் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்த பெண்ணை அடுத்து யார் பார்ப்பது? புண் இருக்கிறதா, அங்கேயே சுட்டு அழிக்கலாமா, மேல் சிகிச்சைக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க மறுபடி ஸ்பெகுலமும் விளக்கும் அதே கண்ணும் வேண்டும். மார்பகத்துக்கும் வாய்க்கும் அப்படி ஒரு குழாய்ச் சோதனை கைக்கு எட்டும் தூரத்தில் இல்லவும் இல்லை.

இணையத்தை வைத்துச் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் செய்யாமல் விட்டிருக்கிறோம். அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துச் செவிலியர், பெண்ணின் சம்மதத்தோடும் பெயர் வெளியே தெரியாமலும் கருப்பைவாயைப் படம் எடுத்து அனுப்பட்டும். அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவர் ஒருவர் அன்றைக்கே பார்த்துப் பதில் சொல்லட்டும். மாதம் ஒரு நாள் அவரே நேரில் வந்து செவிலியரோடு சேர்ந்து பார்க்கட்டும். ஒவ்வொரு செவிலியரும் நூறு பேரைப் பார்த்ததில் எத்தனை பேரிடம் சந்தேகம் கண்டார், அவர்களில் எத்தனை பேருக்குத் திசு ஆய்வு நோயை உறுதிசெய்தது என்பதை எழுதிவைத்து அவரிடமே திருப்பிக் காட்டட்டும். திண்டுக்கல்லில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் தெரிந்த சந்தேகம், ஒரு சுகாதார நிலையத்தில் ஆண்டு முழுவதும் ஒருவரிடம்கூடத் தெரியவில்லை என்றால் அந்த ஊர்ப் பெண்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று யாரும் மகிழ வேண்டாம். அங்கே உடனே ஓர் ஆசிரியரை அனுப்ப வேண்டும். அந்த எண்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் மாவட்ட சுகாதார அலுவலரிடம் இருக்கிறது. பயிற்சி முடித்தவர்களின் பட்டியலோடு இந்தப் பட்டியலையும் அவர் இந்த மாதமே கேட்கத் தொடங்கலாம்.