சுவரை உரசிய காரும் அரைமணி நேரத் தீர்ப்பும்

2024 நவம்பர் 3 அன்று வர்ஜீனியாவின் மார்டின்ஸ்வில் ஓவலில் 500 சுற்று முடிந்து, ரயன் பிளேனி கோப்பையோடு நிற்கிறார். ஆனால் அரங்கத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஃபீனிக்ஸில் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிப் பந்தயத்துக்குப் போகும் நால்வரில் நான்காவது ஆள் யார் என்று எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் வர ஏறத்தாழ அரைமணி நேரம் ஆனது. ஸ்டாக் கார் பந்தயத்தில் நடுவர் தீர்ப்பு எங்கே தடுமாறுகிறது என்று யாராவது கேட்டால், நான் அந்த அரைமணி நேரத்தைத்தான் காட்டுவேன்.

கடைசிச் சுற்றைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன். பபா வாலஸின் 23ஆம் எண் டொயோட்டா திடீரென வேகம் குறைகிறது. டயரில் காற்று இறங்குவதாக அவர் தரப்பு சொன்னது. பின்னால் இன்னொரு டொயோட்டாவில் வந்த கிறிஸ்டோபர் பெல் அவரை முந்துகிறார். முந்துகிற வேகத்தில் கார் வளைவின் மேல்பக்கம் வழுக்கிப் போய் வெளிச்சுவரில் சாய்கிறது. சாய்ந்தது விலகவில்லை, சுவரைத் தேய்த்தபடியே எல்லைக்கோட்டைக் கடக்கிறது. பெல்லுக்கு அந்த ஓர் இடம் போதும். அந்த நான்காவது இடத்துக்குப் போட்டியிட்ட வில்லியம் பைரனோடு புள்ளியில் சமம், சமன் வந்தால் வாய்ப்பு பெல்லுக்கு.

அதற்கு முன்பே, கடைசிச் சுற்றுகளில், பைரனுக்குப் பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஆஸ்டின் டில்லன், ராஸ் சாஸ்டைன் இருவரின் செவ்ரோலேக்களும் அருகருகே ஒட்டி ஓடின. பைரனும் செவ்ரோலே. இவர்களும் அவரை முந்தவில்லை, பின்னால் வந்தவர்களுக்கும் வழி விடவில்லை. காரைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றாக இருந்தால் தோழமை பிறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று அது மறைக்கக்கூட மெனக்கெடாமல் வெளியே வந்தது.

தீர்ப்பு இப்படி அமைந்தது. சுவரில் சாய்ந்து வந்தது பாதுகாப்பு விதிமீறல் என்று பெல்லை 22ஆம் இடத்துக்குத் தள்ளினார்கள். பைரன் ஃபீனிக்ஸுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து வாலஸ், டில்லன், சாஸ்டைன் மூவருக்கும் அவர்களுடைய அணிகளுக்கும் தலா 1,00,000 டாலர், மொத்தம் 6,00,000 டாலர் அபராதம். புள்ளி வெட்டு, அணி ஆட்களுக்கு இடைநீக்கம் எல்லாம் தனி. பந்தயத்தின் முடிவைத் திரித்தார்கள் என்பது குற்றம். திரித்ததாகப் பந்தயத்தை நடத்தும் நாஸ்காரே சொல்லிவிட்டது. ஆனால் அந்த உதவியால் கிடைத்த இடம் கிடைத்தவரிடமே இருந்தது. பைரன் மீது ஒரு குற்றச்சாட்டும் இல்லை, அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. உதவி இரண்டு பக்கமும் நடந்தது என்பதும் உண்மை. என் கேள்வி நாஸ்காரிடம் மட்டும்தான்.

சுவர் விதிக்கு ஒரு முன்கதை உண்டு. 2022 அக்டோபர் 30 அன்று இதே மார்டின்ஸ்வில்லில், இதே சாஸ்டைன், கடைசி வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே காரைச் சுவரோடு ஒட்டவிட்டு ஐந்து கார்களைக் கடந்தார். இறுதிப் பந்தயத்துக்கான இடத்தை டென்னி ஹாம்லினிடமிருந்து பறித்தார். வீடியோ கேமில் செய்வதை நிஜத்தில் செய்துவிட்டார் என்று உலகமே கொண்டாடியது. அன்று அந்த முடிவு செல்லும் என்றார்கள். 2023 ஜனவரியில், இனி இதற்கு நேரத் தண்டனை உண்டு, இருக்கிற பாதுகாப்பு விதியே போதும் என்றார்கள். ஆக, விதி எல்லோருக்கும் முன்னரே தெரியும். பெல் சொன்னது வேறு: வேண்டுமென்று செய்யவில்லை, வழுக்கித்தான் சுவரில் முட்டினேன். வழுக்கி முட்டியவன் முட்டிய பிறகு காலை எடுக்காமல் போனால் அது எந்தக் கணக்கு? அந்த எல்லையை நாஸ்கார் அதுவரை யாருக்கும் வகுத்துச் சொல்லியிருக்கவில்லை. பெல்லுக்கு எதிரான தீர்ப்பை என்னால் ஏற்க முடிகிறது. அந்த எல்லைக்கோட்டைப் பந்தயம் முடிந்த பிறகு ஓர் அறைக்குள் உட்கார்ந்து போட்டதைத்தான் ஏற்க முடியவில்லை.

கிரிக்கெட்டில் ‘அம்பயர்ஸ் கால்’ விதியைத் திட்டாத ரசிகர் நம்மில் யாரும் இல்லை. ஆனாலும் பந்து ஸ்டம்பில் எவ்வளவு பட்டால் என்ன முடிவு என்பது முதல் பந்து வீசும் முன்பே தெரியும். திட்டிவிட்டு அடுத்த பந்தைப் பார்க்கிறோம்.

பழைய வழக்குகளைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. 2013 செப்டம்பரில் ரிச்மண்டில் முடிவுக்கு ஏழு சுற்று இருக்கும்போது கிளின்ட் போயர் சுழன்று நின்றார். கார்களை மெதுவாக்கி ஒன்றாகச் சேர்க்கும் மஞ்சள் கொடி வந்தது. அவருடைய மைக்கேல் வால்ட்ரிப் அணியைச் சேர்ந்த மார்ட்டின் ட்ரூக்ஸுக்கு அடுத்த கட்ட வாய்ப்பு கிடைத்தது. போயர் வேண்டுமென்றே சுழன்றார் என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் ட்ரூக்ஸுக்கு உதவ, அதே அணியின் பிரையன் விக்கர்ஸை டயர் மாற்றும் பிட்டுக்குள் வரச்சொன்ன ரேடியோ உத்தரவு சிக்கியது. அணிக்கு 3,00,000 டாலர் அபராதம். அதோடு நிற்கவில்லை: ட்ரூக்ஸை வெளியேற்றி ரயன் நியூமனை உள்ளே கொண்டுவந்தார்கள், சில நாளில் ஜெஃப் கார்டனையும் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். திரித்துப் பெற்றதைத் திருப்பி வாங்கினார்கள்.

2024 ஆகஸ்டில் அதே ரிச்மண்டில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் டில்லன் முதலில் ஜோயி லோகானோவை இடித்துச் சுழற்றினார், அடுத்து ஹாம்லினைச் சுவருக்குத் திருப்பினார். வெற்றி அவருடையதுதான் என்றார்கள். வெற்றியால் கிடைத்திருந்த பிளேஆஃப் இடத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் மார்டின்ஸ்வில் வந்தது, அங்கே அபராதம், புள்ளி வெட்டு, இடைநீக்கம் மட்டும், கிடைத்த இடம் பறிபோகவில்லை. ஒரே வகைக் குற்றத்துக்கு மூன்று வகைப் பரிகாரம். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் நாலாவது வழக்கில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பந்தயத்துக்கு முன் யார் வெல்வார் என்று கணித்து எழுதுகிறவர்களின் பாடு இங்கேதான் கடினமாகிறது. தகுதிச் சுற்று நேரம், நீண்ட ஓட்டத்தில் டயர் தேய்கிற விதம், பிட் ஆட்களின் வேகம், ஓட்டுநருக்கும் அந்தத் தடத்துக்கும் உள்ள பழைய உறவு, இவற்றையெல்லாம் எடைபோடலாம். டேடோனா, டாலடேகா போன்ற பெரிய ஓவல்களில் எல்லாக் காரும் ஒரே கொத்தாக ஓடும், ஒருவர் வழுக்கினால் பத்துப் பேர் போவார்கள் என்பதால் கணிப்பு அங்கே கிட்டத்தட்ட லாட்டரி. மைக்கேல் மெக்டவல் தன் 358ஆவது பந்தயத்தில் முதல் வெற்றி கண்டது 2021 டேடோனா 500இல்தான். அந்த நிச்சயமின்மை விளையாட்டுக்குச் சொந்தம். அதை யாரும் குறை சொல்வதில்லை.

2025 நவம்பர் 2, ஃபீனிக்ஸ். ஹாம்லின் 200க்கும் மேற்பட்ட சுற்றுகளில் முன்னிலையில் இருந்தார். இத்தனை ஆண்டு கைக்கு எட்டாத பட்டம் இன்று எட்டிவிடும் என்று எல்லோரும் எழுதத் தொடங்கியிருந்தோம். மூன்று சுற்று மீதம் இருக்கும்போது பைரனின் டயர் வெடித்துக் கார் சுவரில் மோதியது. மஞ்சள் கொடி. பிட்டில் ஹாம்லினுக்கு நான்கு டயர், கைல் லார்சனுக்கு இரண்டு. அன்று ஒரு சுற்றில்கூட முன்னிலை பெறாத லார்சன் நால்வரில் முன்னே வந்து சாம்பியன் ஆனார். ஹாம்லினின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் நடுவர்கள் மீது யாரும் விரல் நீட்டவில்லை. டயர் வெடித்துக் கார் சுவரில் மோதினால் கொடி வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். கணிப்பு பொய்த்தது, பந்தயம் பொய்க்கவில்லை.

அந்தத் தெளிவு எப்போதும் கிடைப்பதில்லை. 2024 டேடோனா 500இல் கடைசிச் சுற்று தொடங்கியதும் பின்னால் மோதல். உடனே மஞ்சள் கொடி காட்டி அந்த நொடியில் முன்னால் இருந்த பைரனுக்கு வெற்றி கொடுத்தார்கள். 2025இல் கடைசிச் சுற்றில் முன்னணிக் கார்களே மோதிச் சிதறின. கொடி வரவில்லை, ஒன்பதாவதாக வந்துகொண்டிருந்த அதே பைரன் இடிபாடுகளுக்கு வெளியே ஓட்டிப்போய் வென்றார். எங்கே மோதல், எத்தனை கார் நகர்கிறது என்று பார்த்து நடுவர் முடிவெடுக்கிறார். அந்த அதிகாரம் தேவைதான். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எந்த அடிப்படையில் பயன்படுத்தினார் என்பதை அன்றிரவே, காணொளியோடு, பொதுவில் சொன்னால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

சந்தேகம் எளிதில் தீராததற்குக் காரணம் உண்டு. நாஸ்கார் ஃபிரான்ஸ் குடும்பத்தின் தனிச்சொத்து. விதி எழுதுவது அவர்கள், தண்டிப்பது அவர்கள், மார்டின்ஸ்வில் தடத்தின் உரிமையும் அவர்களுடையது. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த, இன்றைய கப் தொடரின் முதல் பந்தயத்திலேயே கோட்டை முதலில் தொட்ட கிளென் டனவேயின் கார் தகுதி இழந்து, வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. சாராயம் கடத்துகிறவர்கள் பாரம் தாங்குவதற்காகச் செய்கிற மாதிரி பின்பக்க ஸ்பிரிங்கைத் திருத்தியிருந்தார்கள். கார் உரிமையாளர் நீதிமன்றம் போனார்; விதி வகுக்க நாஸ்காருக்கு உரிமை உண்டு என்று வழக்கு தள்ளுபடி ஆனது. 2024 அக்டோபரில் மைக்கேல் ஜோர்டனும் ஹாம்லினும் நடத்தும் 23எக்ஸ்ஐ அணியும் ஃப்ரண்ட் ரோ அணியும் ஏகபோகம் என்று நாஸ்கார் மீது வழக்குப் போட்டன; 2025 டிசம்பரில் விசாரணைக்கு நடுவே சமரசம் ஆனது. வாலஸ் ஓட்டுவது அந்த 23எக்ஸ்ஐ அணியின் காரை. வழக்குப் போட்ட மறுமாதம் மார்டின்ஸ்வில் அபராதம் வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் முடிச்சுப் போட நினைக்கிற ரசிகருக்குப் பதில் சொல்லத் தனியான, சுதந்திரமான நடுவர் அமைப்பு என்று ஒன்று இல்லை.

மார்டின்ஸ்வில் நம் ஊர்க்காரர்களுக்கும் புதிதல்ல. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் முதன்முதலாக ஓட்டியது அங்கேதான், 2010 மார்ச்சில். அந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டான்வில்லில் பிறந்தவர் வெண்டெல் ஸ்காட். கறுப்பினத்தவரைத் தடத்துக்குள்ளேயே விரும்பாத காலத்தில், பழைய கார்களை வாங்கித் தன் கையாலேயே பழுது பார்த்து ஓட்டினார்.

1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். சுற்றுகளை ஆட்கள் கையால் எண்ணிக் குறித்த காலம். ஸ்காட் எல்லோரையும் தாண்டி முன்னால் போனார். கட்டம்போட்ட கொடி அவருக்கு விழவில்லை. பக் பேக்கரை வெற்றியாளர் என்று அறிவித்து, கோப்பையும் கொடுத்துவிட்டார்கள். ஸ்காட் மறு எண்ணிக்கை கேட்டார். கூட்டம் கலைந்த பிறகு, அவர் இரண்டு சுற்று முன்னால் இருந்தார் என்று தெரிந்தது. கணக்குப் பிழை என்றார்கள். பரிசுப் பணம் வந்தது, கோப்பை வரவில்லை. 1990இல் ஸ்காட் இறந்தார். 2021 ஆகஸ்டில் டேடோனா தடத்தில் நாஸ்கார் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவருடைய குடும்பத்தார் கையில் கொடுத்தது.