வாதாடாமல் தோற்ற சட்டம்

2025 ஜூன் 4 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. அன்றைக்கே வழக்கு முடிந்தும் போனது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் தன் மாநிலத்தின் சட்டத்துக்காக ஒரு வரிகூட வாதாடவில்லை. மனுவில் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி ரீட் ஓ'கானர் இரு தரப்பும் இசைந்த தீர்ப்பில் கையெழுத்திட்டார். 24 ஆண்டுகள் நடைமுறையில் இருந்த சட்டம் சில மணி நேரத்தில் செத்தது. அதை நீக்கக் கொண்டுவந்த மசோதாக்கள் நிறைவேறாமலே சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

சட்டம் சொன்னது இவ்வளவுதான். டெக்சாஸில் குறைந்தது மூன்றாண்டு வசித்து, அங்கேயே உயர்நிலைப் பள்ளி முடித்தவரிடம் குடியேற்ற ஆவணம் இல்லாவிட்டாலும், அரசுக் கல்லூரிகள் உள்மாநிலக் கட்டணமே வாங்க வேண்டும். தகுதி வரும்போது நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பேன் என்று மாணவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலத்தவருக்கு ஆண்டுக்கட்டணம் சுமார் 12,000 டாலர். மற்றவர்களுக்கு 40,000 டாலருக்கு மேல். ஆவணமற்றவர்களுக்குக் கூட்டரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது. ஆக, அந்த வேறுபாடு ஒரு வீட்டுவேலைக்காரரின் மகளுக்குக் கல்லூரியா இல்லையா என்பதையே முடிவு செய்துவிடும்.

2001இல் இதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் பெர்ரி. இரு அவைகளிலும் சேர்த்து எதிர்த்தவர்கள் நான்கே பேர். பத்தாண்டு கழித்து அதிபர் வேட்பாளர் விவாத மேடையில், இதை எதிர்ப்பவர்கள் இதயமற்றவர்கள் என்கிற தொனியில் அவர் பேசினார். அவருடைய ஆதரவு சரியத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. புளோரிடாவில் கதை இன்னும் கூர்மை. 2014இல் இதுபோன்ற மசோதாவைக் கீழவையில் முன்னெடுத்த ஜெனட் நூன்யெஸ், 2025இல் துணை ஆளுநராக இருந்தபோது அதை நீக்கச் சொன்னார். நீக்கியும் விட்டார்கள். இரு கட்சிகளும் மாறின என்று சமன்செய்து சொல்வது வழக்கம். உண்மையில் மாறியது ஒரு கட்சி. வாதங்கள் அப்படியேதான் இருக்கின்றன. எடைபோட வேண்டியது அவற்றைத்தான்.

எதிர்ப்பவர்களிடம் அதிகம் விலைபோகும் வாதம் நியாயம் பற்றியது. பக்கத்து லூசியானாவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் ஆஸ்டினில் படிக்க மும்மடங்கு கட்ட வேண்டும், சட்டவிரோதமாக இருப்பவர் குறைவாகக் கட்டுவாரா? கேட்டவுடன் உறைக்கிறது. ஆனால் அந்த லூசியானா மாணவருக்குச் சொந்த மாநிலத்தில் உள்மாநிலக் கட்டணம் காத்திருக்கிறது. ஹூஸ்டனில் வளர்ந்த ஆவணமற்ற மாணவருக்கு அப்படித் திரும்பிப்போக இன்னொரு மாநிலம் கிடையாது. கான்சஸ் மாநிலத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வெளிமாநில மாணவர்கள் போட்ட வழக்கு 2007இல் மேல்முறையீட்டிலும் விழுந்தது. இந்தச் சட்டத்தால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்ற கேள்விக்கு அவர்களால் பதில் காட்ட முடியவில்லை. சலுகையை ரத்து செய்தால் அவர்கள் கட்டணம் ஒரு காசுகூடக் குறையாது. அவர்களுக்காக வாதாடியவர் கிரிஸ் கோபாக், இன்று கான்சஸின் தலைமை வழக்கறிஞர்.

வரிப்பணம் என்ற வாதம் டெக்சாஸில் இன்னும் மெலிந்தது. அங்கே மாநில வருமான வரியே கிடையாது. விற்பனை வரியும், உள்ளாட்சிகள் வாங்கும் சொத்து வரியும்தான் பெரும் வருவாய். கடையில் பொருள் வாங்குகிற எல்லோரும் முதலாவதைக் கட்டுகிறார்கள். வாடகை தருகிற எல்லோரும் இரண்டாவதைச் சுமக்கிறார்கள். ஆவணம் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்பதில்லை.

எதிர்ப்பவர்கள் கையில் கனமான கல் ஒன்றே ஒன்றுதான்: 1996ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம். சட்டப்படி இங்கே இல்லாத ஒருவருக்கு, ஒரு மாநிலத்தில் *வசிக்கிறார்* என்ற அடிப்படையில் உயர்கல்விச் சலுகை தரக்கூடாது. எங்கே வசித்தாலும் எல்லாக் குடிமக்களுக்கும் அதே சலுகை கிடைத்தால் மட்டும் தரலாம் என்கிறது அது. இந்த மாணவர்களைத் தடுப்பதுதான் அன்றைய காங்கிரஸின் எண்ணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆதரவாளர்கள் பலர் இதை மழுப்புகிறார்கள்.

ஆனால் எண்ணம் வேறு, எழுதியது வேறு. கலிபோர்னியா 2001இல் தன் சட்டத்தை வசிப்பிடத்தின் மீது கட்டவில்லை. அந்த மாநில உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு படித்துத் தேறியவருக்கு வெளிமாநிலக் கட்டணத்திலிருந்து விலக்கு என்று எழுதியது. அங்கே படித்துவிட்டு நெவாடாவுக்குக் குடிபெயர்ந்த குடிமகனுக்கும் அதே விலக்கு உண்டு. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் இதை வெறும் தந்திரம் என்று தள்ளியது. 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதிய மிங் சின்னை நியமித்தவர் பீட் வில்சன். ஆவணமற்றவர்களுக்கு அரசுச் சேவைகளை மறுக்க 1994இல் வாக்கெடுப்பை ஆதரித்த அதே ஆளுநர். நீதிபதி கொள்கைச் சார்பால் இப்படிச் சொன்னார் என்று தள்ளிவிட இடமில்லை.

டெக்சாஸ் சட்டமோ இந்த மாணவர்களை மாநில வசிப்பாளராகவே கருதச் சொன்னது. 1996 சட்டம் தொடாதே என்ற இடத்திலேயே அது கை வைத்தது. எதிர்த்து வாதாடியிருந்தாலும் அது பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் வாதாடாமல் விட்டதற்கு அது சமாதானம் ஆகாது. சட்டமன்றம் நீக்க மறுத்த ஒன்றை, வழக்குப் போட்டவரும் போடப்பட்டவரும் கைகுலுக்கி நீக்கினார்கள். பாதிக்கப்பட்ட மாணவர்கள் சார்பில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் சட்ட உரிமைகளுக்காக வாதாடும் மால்டெஃப் அமைப்பு வழக்கில் நுழையக் கேட்டபோது ஓ'கானர் மறுத்தார். எதிர்த்தரப்பே இல்லாத மன்றத்தில் வந்த தீர்ப்புக்கு முன்னுதாரண மதிப்பு தர நான் தயாரில்லை. ஆகஸ்டில் ஓக்லஹோமாவும் அதே வழியில் போயிற்று.

ஆதரவாளர்களையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். அவர்கள் முன்வைப்பது பொருளாதார வாதம்: படிக்க வைத்தால் நல்ல சம்பளம், கூடுதல் வரி, மாநிலத்துக்கு லாபம். பெர்ரியும் இதைத்தான் சொன்னார். பட்டம் பெற்றவர் சட்டப்படி வேலை செய்ய முடிந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்காக 2012இல் ஒபாமா கொண்டுவந்த டாகா திட்டம் வேலை அனுமதி தந்தது. ஆனால் 2007 ஜூன் 15க்கு முன்பே நாட்டுக்குள் வந்து தொடர்ந்து இருப்பவர்களுக்கு மட்டும். இன்று பள்ளி முடிக்கிற 18 வயது மாணவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேதியில் பிறந்திருக்கவே இல்லை. கணினிப் பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு கூலிக்குக் கூரை வேயப் போகிறவரைக் காட்டி மாநிலத்துக்கு லாபம் என்பது எப்படி? 2001இல் காங்கிரஸ் விரைவில் வழி திறக்கும் என்ற நம்பிக்கையில் சொன்ன வாதம் அது. அந்த வழி இன்றுவரை திறக்கவில்லை.

நிற்கக்கூடிய ஆதரவு வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்சாஸ் ஆவணமற்ற பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே விலக்கப் பார்த்தபோது, 1982இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தடுத்தது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளை பொறுப்பல்ல என்பது நீதிபதி பிரென்னனின் தர்க்கம். அதன்பின் பன்னிரண்டு வருடம் செலவு செய்து வளர்த்த மாணவரை, பதின்மூன்றாம் வருடம் நீ யாரோ என்பது அந்தத் தர்க்கத்தைப் பாதியில் அறுப்பது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இது செல்லும்.

அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஒரு தனிப் புழுக்கம் உண்டு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளை, கிரீன் கார்டு வரிசை நகராததால் 21 வயதில் அந்த விசாவை இழந்து மாணவர் விசாவுக்கு மாறுகிறது. கலிபோர்னியாவின் 2001 சட்டமோ தற்காலிக விசாவில் இருப்பவர்களை வெளியே நிறுத்தியே எழுதப்பட்டது. சட்டப்படி வந்த பிள்ளைக்கு மறுத்ததை ஆவணமற்ற வகுப்புத் தோழனுக்குக் கொடுத்தார்கள் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. அதைக் காட்டித் தோழனின் சலுகையைப் பறிக்கச் சொல்பவர்களோடு மட்டும் நான் உடன்படவில்லை. பள்ளியில் இருந்த வருடங்களே அளவுகோல் என்றால் இருவரும் உள்ளே வருவார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: சலுகை சரி, டெக்சாஸ் அதை எழுதிய விதம் தவறு, அதைக் கொன்ற விதம் இன்னும் தவறு. கலிபோர்னியாவின் பள்ளிப்படிப்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு, தற்காலிக விசா விலக்கை வெட்டிவிட்டு, குடிமகனா என்று கேட்காமல் எழுதினால் 1996 சட்டத்தின் சொற்களோடு மோத வேண்டியதில்லை. ஆனால் 2025 நவம்பரில் நீதித்துறை கலிபோர்னியா மீதும் வழக்குப் போட்டிருக்கிறது. அங்கே வாதாட ஆள் இருக்கிறது.