ஒரே தட்டில் சில புத்தகங்கள்

மறக்க முடியாத புத்தகங்கள் எவை என்று ஒரு நாவலாசிரியனிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நாவல்களின் பெயர்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். டால்ஸ்டாய், சரத்சந்திரர், தமிழில் ஓரிருவர் என்று சொல்லி முடித்துவிட்டால் கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் சிரமமில்லை. என்னால் அப்படிச் சொல்லிவிட முடிவதில்லை. என் அலமாரியில், எழுந்து நிற்காமலே கைக்கு எட்டுகிற தட்டில், ஒரு நாவலும் ஒரு ஜில்லா மானுவலும் ஒரு சட்டப் புத்தகமும் உடுக்கடிப் பாட்டின் அச்சுப் பிரதி ஒன்றும் ஒரு சொல்லகராதியும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கின்றன. நூல்நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் கண்டால் ஒழுங்கீனம் என்பார்கள். எனக்கு இவையெல்லாம் ஒரே விஷயத்தைப் பேசுகிற புத்தகங்களாகத் தோன்றுகின்றன. அந்த விஷயம் என்ன என்று சொல்ல நாவலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வெளிவந்தது. ஆசிரியர் கீரனூர்க்காரர், 1917-ல் பிறந்தவர். அப்படியானால் இருபத்தைந்து வயதில் எழுதியது. அந்த வயதில் மற்றவர்கள் காதலைப் பற்றியும் தேச விடுதலையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருக்க, இவர் கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண் நிலத்தில் பங்கு கேட்பதைப் பற்றி எழுதினார். இதில் உள்ள துணிச்சலை நம் விமர்சகர்கள் போதுமான அளவு கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. 'தமிழின் முதல் வட்டார நாவல்' என்று ஒரு பட்டத்தைச் சூட்டி மரியாதையாக மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். வட்டார நாவல் என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. மயிலாப்பூரைப் பற்றி எழுதினால் நாவல், சிவியார்பாளையத்தைப் பற்றி எழுதினால் வட்டார நாவல் என்பது என்ன நியாயம்?

நாகம்மாளுக்கு முன்பும் தமிழ் நாவலில் விதவைகள் உண்டு. மாதவையா 1903-லேயே 'முத்துமீனாட்சி'யை எழுதிவிட்டார். ஆனால் அந்த வரிசையில் வருகிற பெண்களின் துயரம் பெரும்பாலும் நெற்றியைப் பற்றியது, தலைமுடியைப் பற்றியது, மறுமணத்தைப் பற்றியது. வாசகனிடம் அவர்கள் கேட்பது இரக்கம். நாகம்மாள் இரக்கம் கேட்பதில்லை. அவள் கணவனுடன் பிறந்த சின்னப்பனும் அவன் மனைவி காளியம்மாளும் அவளுக்குச் சோறு போடாமல் இல்லை; அடித்துத் துன்புறுத்தவும் இல்லை. பார்க்கப் போனால் சின்னப்பன் நல்லவன். இங்கேதான் நாவலின் பலம் இருக்கிறது. கொடுமைக்காரக் கொழுந்தனைப் படைத்திருந்தால் நாம் சுலபமாக அவள் பக்கம் சாய்ந்திருப்போம். நல்லவன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, 'என் பங்கை எனக்குப் பிரித்துக் கொடு' என்று ஒரு பெண் கேட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதிலில்லை. அவள் பின்னால் நிற்கிற கெட்டியப்பனுக்கும் மணியக்காரருக்கும் அவரவர் லாபம் இருக்கிறது. கடைசியில் கொலையில் முடிகிறது. ஆசிரியர் எந்த இடத்திலும் நாகம்மாளுக்காக வக்காலத்து வாங்குவதில்லை; அவளைக் கெட்டவள் என்று ஒதுக்குவதுமில்லை. இந்த இரண்டு சபலங்களிலிருந்தும் தப்பித்த தமிழ் நாவல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதன் பக்கத்தில் சட்டப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பிரியாத குடும்பத்தில் கணவன் இறந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டே தவிரப் பங்கு கிடையாது என்பது பழைய ஏற்பாடு. 1937-ல் மத்திய சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. கணவனுக்கு இருந்த பாகம், ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் முறையில், விதவைக்கு உண்டு. ஆண்களைப் போலவே அவளும் பாகம் பிரிக்கக் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் 1941-ல் பெடரல் கோர்ட்டு ஒரு அபிப்பிராயம் சொல்லிற்று: விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஆகவே மத்திய சட்டசபை இயற்றிய இந்தச் சட்டம் மாகாணங்களில் உள்ள அத்தகைய நிலத்துக்குப் பொருந்தாது என்று. சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் போட்டு அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-ல்தான். பிறகு 1956-ல் வாரிசுரிமைச் சட்டம் வந்தது.

இந்த ஆண்டுகளை நாவலின் ஆண்டோடு வைத்துப் பாருங்கள். 1942. வீட்டிலும் பண்ட பாத்திரத்திலும் விதவைக்குப் பாகம் உண்டு, உழுகிற மண்ணில் மட்டும் இல்லை என்று தீர்ந்திருந்த அந்தச் சில வருஷங்களுக்குள் 'நாகம்மாள்' வெளிவந்திருக்கிறது. பெடரல் கோர்ட்டின் அபிப்பிராயத்தை ஷண்முகசுந்தரம் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. படித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கிராமத்துக் களத்துமேட்டில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஆனால் சட்டப் புத்தகத்தைப் படித்த பிறகு நாவலைத் திரும்ப எடுத்தால், நாகம்மாளின் பிடிவாதம் வெறும் குணவிசேஷமாகத் தெரிவதில்லை. அவள் கேட்டதைக் கொடுக்க அன்று சட்டத்துக்கே தைரியம் வரவில்லை.

அடுத்தது மானுவல். எப். ஏ. நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்த கோயம்புத்தூர் ஜில்லா மானுவல் 1887-ல் வெளிவந்தது. துரைத்தனத்தாரின் உபயோகத்துக்காகத் தொகுத்தது. வாசிக்கும் சுகத்துக்காக அல்ல. ஆனாலும் கிணறுகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் 1876-லிருந்து 1878 வரை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றியும் அதில் படிக்கும்போது, நல்ல நாவலைப் படிக்கிற அதே கவனம் எனக்கு வந்துவிடுகிறது. அவருக்கு முன்னால், திப்பு சுல்தான் வீழ்ந்த மறு வருஷமே, அதாவது 1800-ல், பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் இந்தப் பக்கம் வந்து போனார். அவருடைய பிரயாணப் புத்தகம் 1807-ல் லண்டனில் மூன்று பாகமாக அச்சாயிற்று. என்ன விதைக்கிறார்கள், எவ்வளவு விளைகிறது, கூலி என்ன என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போகிறார். அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. ஆனால் நம்மவர்கள் யாரும் நம் தாத்தாக்களின் தாத்தாக்களிடம் இதையெல்லாம் கேட்டு எழுதி வைக்கவில்லையே!

இந்த மாதிரிப் புத்தகங்கள் நாவல் வாசகனுக்கு ஒரு உபகாரம் செய்கின்றன. கொங்கு நாட்டில் காடு என்றால் வனம் இல்லை. மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலம். தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். வாய்க்கால் பாய்ந்தால்தான் அது வயல். கவலை என்றாலும் மனக்கவலை இல்லை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்றம். (இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று கிணறு வெட்டிய எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்பது வேறு விஷயம்.) காட்டுக்கும் தோட்டத்துக்கும் விலையில் எவ்வளவு தூரம் என்று தெரியாதவனுக்கு, ஒரு துண்டு நிலத்துக்காக அண்ணன் தம்பி ஏன் வெட்டிக்கொள்கிறார்கள் என்பது புரியாது. கதையை 'மண்வாசனை' என்று பாராட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவான்.

அண்ணன் தம்பி என்றதும் அண்ணன்மார் கதை ஞாபகத்துக்கு வருகிறது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகியோரின் கதை. கோயில்களில் இரவிரவாக உடுக்கை அடித்துப் பாடப்பட்டு வந்ததைக் கவிஞர் சக்திக்கனல் 1971-ல் 'அண்ணன்மார் சுவாமி கதை' என்று அச்சில் கொண்டுவந்தார். அதற்குச் சில வருஷம் முன்பு, 1965-ல், பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆராய்ச்சியாளர் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, இரவுகள் பலவாகப் பாடப்பட்ட கதையை ஒலிநாடாவில் பிடித்து வைத்தார். கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் வீரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பது அண்ணன்மார் பிறப்பதற்கு முந்தின பகுதி. அவர்களுடைய தகப்பனைச் சிறு வயதிலேயே பங்காளிகள் துரத்திவிடுகிறார்கள். அவன் எங்கோ மாடு மேய்த்து வளர்ந்து, பிறகு திரும்பி வந்து தன் மண்ணைக் கேட்கிறான். மற்ற சண்டைகளெல்லாம் அந்த விதையிலிருந்து முளைத்தவை. 'பங்காளி' என்ற ஒரே சொல்லை உறவுக்கும் பகைக்கும் வைத்திருக்கிற ஜனங்கள் நாம். நாகம்மாளுக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள் என்று அந்த அச்சுப் பிரதியைப் புரட்டும்போதெல்லாம் தோன்றும்.

கீழ்த் தட்டில் 'கலைக்களஞ்சியம்' இருக்கிறது; கனம் தாங்காமல்தான் கீழே வைத்தேன். தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியில் 1946-ல் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம் அதை எடுத்துச் செய்தது. பிரதம ஆசிரியர் பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954-ல், பத்தாவது 1968-ல். பாட்டு எழுதுகிறவர், மொடக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர், கணக்கு வாத்தியாராக இருந்தவர். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அகர வரிசையோடு மல்லுக்கு நின்றார். குழந்தைகளுக்கு என்று இன்னொரு பத்துத் தொகுதியும் செய்தார். ஒரு விஷயத்தைத் தேடிப் போய் வேறு நாலு விஷயங்களைப் படித்துவிட்டுத் திரும்புகிற சுகம், தமிழிலேயே கிடைத்தது அவரால்தான்.

கோயம்புத்தூர்க்காரன் ராஜேஷ்குமாரைச் சொல்லாமல் விட்டால் ஊர் மன்னிக்காது. ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் எழுதியவர். காந்திபுரத்தில் பஸ் ஏறி ஈரோட்டில் இறங்குவதற்குள் முடிகிற மாத நாவல்கள். எந்தக் கதையும் எனக்கு இப்போது ஞாபகமில்லை. படிக்கிற பழக்கம் அதனால் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. இதற்கு மேல் அதில் எனக்கு வாதமில்லை.

சொல்லகராதி பெருமாள்முருகன் தொகுத்தது. 2000-ல் வெளிவந்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. ஷண்முகசுந்தரத்தை ஊன்றிப் படித்து ஆராய்ந்தவர் அவர். அவருடைய 'மாதொருபாகன்' 2010-ல் வந்து, நாலைந்து வருஷம் கழித்துப் பெரும் சச்சரவாகி, 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ஆசிரியர் பக்கம் தீர்ப்புச் சொல்லி முடிந்தது. அந்தச் சந்தடியில், நாவலின் அடியில் ஓடுகிற பழைய கேள்வியை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளையில்லாதவன் காடு யாருக்குப் போகும்? காளிக்கும் பொன்னாவுக்கும் ஊரார் தரும் சங்கடத்தில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருவது.

ஆனால் அவருடைய புத்தகங்களில் நான் அடிக்கடி திரும்புவது 'கூளமாதாரி'க்கு. அதுவும் 2000-ல் வந்ததுதான். அதைப் படித்த பிறகு என் தட்டில் உள்ள மற்றப் புத்தகங்கள் எல்லாம் ஒரு விதத்தில் உறுத்த ஆரம்பித்தன. நாகம்மாளுக்கு வழக்குத் தொடுக்கவாவது ஒரு பாகம் இருந்தது. அண்ணன்மாரின் தகப்பனுக்குத் திரும்பி வர ஒரு மண் இருந்தது. கூளையனுக்குக் கேட்கவே ஒன்றும் கிடையாது. சக்கிலியர் வளவில் பிறந்த பையன், கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கிறான். அவன் உழைப்புக்குப் பேசிய கூலியும் அவன் கைக்கு வருவதில்லை. பெரியவர்களுக்குள் முடிகிற கணக்கு அது. அவனுக்கென்று இருப்பது கூட மேய்க்கிற பிள்ளைகளும், ஆடுகளுக்கு அவன் வைத்த பெயர்களும், வெயில் தாழ்கிற வரைக்கும் அந்த மேட்டுக்காடும். பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிற அந்தக் காட்டின் ஒவ்வொரு பொந்தும் முள்ளும் அந்தப் பையனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. நிக்கல்சனுடைய மானுவலில் அவனைத் தேடிப் பார்த்தேன். ஜாதிகளைப் பற்றிய பகுதியில், பன்மையில், இருக்கிறான்.