ஊதியக் கலைஞரும் ஊர்க் குழுவும்

இசையை வாழ்வுக்குரிய தொழிலாகக் கொண்டோர், விருப்பினாற் பயில்வோர் எனக் கலைஞர் இருதிறத்தர். பின்னவர் கூடியமைத்த பாண்டு வாத்தியக் குழுவிலோ கூத்துக் குழுவிலோ முன்னவரை ஊதியங் கொடுத்து அமர்த்தி வாசிப்பிக்கலாமா என்பது நெடுங்காலமாக எழுந்துவரும் வினாவாகும்.

அமர்த்தலாம் என்போர் இரு காரணங் காட்டுவர். அவையோர் முன்னிலையிற் பிழை நிகழலாகாது என்பது ஒன்று; வல்லார் அருகிருப்பின் மற்றையோரும் உயர்வர் என்பது மற்றொன்று. இரண்டாவது பெரிதும் உண்மை. முதலாவதே ஆராயத்தக்கது.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் பித்தளை வாத்தியக் குழுக்களை அமைத்தனர். மான்செஸ்டர் நகரத்துப் பெல்வியூ பூங்காவில் 1853 ஆம் ஆண்டு அவர்க்கெனப் போட்டி தொடங்கிற்று. வெற்றியில் வேட்கை மிகவே, போட்டி நாளுக்கு மட்டும் பிறரை இரவல் வாங்கும் வழக்கமும் தலைகாட்டிற்று. அதனைத் தடுத்தற்கென வாசிப்போர் பெயரைப் பதிவுசெய்யும் விதிகள் எழுந்தன. எனினும் தொழிற்கலைஞரின் துணையை அக்குழுக்கள் வேண்டாவென விலக்கவில்லை. ஹாலே இசைக்குழுவிற் கிளாரினெற் வாசித்த ஜோன் கிளாட்னி என்பார் மெல்தம் மில்ஸ் குழுவைப் பயிற்றி நடத்தினார். 1876, 1877, 1878 ஆகிய மூன்றாண்டுகளும் பெல்வியூவில் முதலிடம் அக்குழுவுக்கே கிடைத்தது. நல்லாசிரியர் ஒருவரின் செவியும் கண்டிப்பும் எத்துணைப் பயன் விளைக்கும் என்பதற்கு இது சான்று.

இம்முறை ஈழத்தமிழர்க்குப் புதியதன்று. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் கலை வல்லவர். அவருக்குரிய மரியாதையும் கொடையும் உண்டு. ஆடுவோரோ உழவரும் கடலோடிகளும் பிறதொழில் செய்வோருமாகிய ஊரவர். வல்வெட்டித்துறையை உள்ளடக்கிய வடமராட்சியில், அம்மன் கோயில்களில் நேர்த்தியாக ஆடப்பெறும் காத்தவராயன் கூத்தை நோக்குக. ஒரே காத்தவராயன் பாத்திரத்தைப் பலர் பங்கிட்டு ஒருவர்பின் ஒருவராக மேடையேறுவர். பிழையின்மை ஒன்றே நோக்கமாயின், வல்லவர் ஒருவரே விடியுமளவும் ஆடியிருப்பார். பலரும் பங்குபெறல் வேண்டும் என்பதே ஊரின் கருத்து. இது கலைக்குறையன்று, இக்கலை உயிர்வாழும் வழி.

ஊதியம் பெறாதார் கலை தரங்குறைந்தது என்னும் எண்ணமும் பொருந்தாது. கலையரசு சொர்ணலிங்கம் கண்ட இலங்கை சுபோத விலாச சபை, விருப்பினால் நடித்தோரைக் கொண்டே நாடகத்துக்கு நன்மதிப்புத் தேடித்தந்தது.

இரவல் வாசிப்பினால் விளையுங் கேடு யாது? ஆண்டு முழுதும் மாலைதோறும் பயின்ற இளைஞன் ஒருவன், அரங்கேற்ற நாளில் தன் வாத்தியத்தை அயலார் கையிற் கொடுத்து ஒதுங்கி நிற்கிறான். கரகோஷம் வானைப் பிளக்கிறது, பரிசும் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு அவன் பயிற்சிக்கு வாரான். அன்று கேட்ட இசை அக்குழுவின் இசையுமன்று. புலம்பெயர்ந்தோர் பொருளுதவி ஊர்ப்பணிகளுக்கு வந்துசேரும் இக்காலத்தில் வல்லுநரை வரவழைத்தல் எளிது. ஊரில் வல்லுநரை ஆக்குதலே அரிது. கயிற்றை இழுத்தே கப்பலோட்டங் கற்ற வல்வெட்டித்துறைக்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

ஆயினும் இவ்வாதத்தைத் தலைகீழாக்கித் தொழிற்கலைஞர் வயிற்றில் அடித்தல் தகாது. முத்துமாரியம்மன் வீதியுலாவுக்கு நாதஸ்வரமும் தவிலும் முறையாகப் பயின்றோரே வேண்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோர் எட்டிய நிலை, வாழ்நாளைக் கலைக்கே ஒப்படைத்ததன் பயன். செலவைச் சுருக்குதற்காக அத்தகையோர் இடத்திற் பயில்வோரை நிறுத்துவது, பயில்வோர் இடத்தைக் கூலிக்கு நிரப்புவதினும் பெரிய அநீதி. அவ்வாறே, இளைஞரைப் பயிற்றுதற்கு அழைக்கப்பெறும் கலைஞருக்கு முழு ஊதியமும் முன்னிருக்கையும் அளித்தல் கடனாகும். மாணவர் கலை என்பதனால் ஆசிரியர் உழைப்பு இலவசமாகிவிடாது.

ஆகவே, ஊதியம் வாங்குதல் குற்றமன்று. இடம் மாறுதலே குற்றம். தொழிற்கலைஞர் பயிற்றுக, திருத்துக, வேண்டுமிடத்து முன்னின்று நடத்துக. பயில்வோன் அமரவேண்டிய ஆசனத்தில் மட்டும் அவர் அமராதிருப்பாராக. ஊர்க்குழுவின் ஊதலில் ஒரு சுரம் பிசகினாற் கேட்போர் பொறுப்பர். அடுத்த ஆண்டு அச்சுரம் திருந்தும். ஊதுதற்கு ஆளில்லாக் குழுவைத் திருத்துதல் யார்க்கும் இயலாது.