தோல்வியைச் சரியாக அளந்தவர்

விஞ்ஞானப் புஸ்தகத்தைப் பற்றி நாவலாசிரியனுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், எனக்குக் கணக்கும் வராது. ஆனாலும் ஆல்பர்ட் மைக்கல்ஸன் 1903-ல் வெளியிட்ட ‘ஒளி அலைகளும் அவற்றின் பயன்களும்’ என்ற ஆங்கில நூலை, நல்ல நாவலைப் படிக்கிற ஆவலுடன் இரண்டு தடவை படித்தேன். 1899-ல் பாஸ்டன் நகரில் பொதுஜனங்களுக்காக அவர் செய்த எட்டுச் சொற்பொழிவுகள் அவை.

விஷயம் இதுதான். லேசாக வெள்ளிப் பூச்சிட்ட கண்ணாடியில் ஒளி விழுந்தால், பாதி ஊடுருவிப் போகிறது, பாதி திரும்புகிறது. இரண்டையும் வெவ்வேறு வழியில் அனுப்பி, மறுபடி ஒன்று சேர்க்கிறார். முகட்டோடு முகடு சேர்ந்தால் வெளிச்சம். முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் இருட்டு. வரிவரியாகக் கோடுகள் தெரிகின்றன. வழியிலுள்ள கண்ணாடியை அரை அலை தூரம் நகர்த்தினால் ஒரு கோடு நகரும். கோட்டை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

பாரிஸுக்கு அருகே ஸேவ்ரில் இருந்த மூல மீட்டரை 1892-93-ல் இப்படித்தான் அளந்தார். காட்மியத்தின் சிவப்பு ஒளியில் ஒரு மீட்டருக்கு 15,53,163.5 அலைகள். அத்தனையும் எண்ணவில்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுகோல் ஒன்றில் எண்ணி, அதற்கு இரு மடங்கு, அதற்கும் இரு மடங்கு என்று ஒன்பது அளவுகோல்களில் படியேறினார். இந்தப் பகுதியில் ஆசிரியரின் நடை பிரமாதம். ஆடம்பரமில்லாமல், கைவேலைக்காரன் தன் உளியைக் காட்டுவதுபோலக் காட்டுகிறார்.

நூலின் குறை கடைசிச் சொற்பொழிவில் இருக்கிறது. ஒளியைத் தாங்கும் ‘ஈதர்’ என்ற பொருள் வெளியெங்கும் நிரம்பியிருப்பதாக அக்காலத்தில் நம்பினார்கள். அதற்குள் பூமி ஓடுவதைக் கண்டுபிடிக்க 1887-ல் கிளீவ்லாந்தில் மார்லியும் அவரும் பாதரசத்தில் கல்லை மிதக்கவிட்டு, அதன்மேல் கருவியை வைத்துச் சோதித்தார்கள். கோடுகள் எதிர்பார்த்ததில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை. சோதனை பலிக்காவிட்டாலும் அதற்காகச் செய்த கருவி மிஞ்சியது, அந்த மட்டில் லாபம் என்று ஆசிரியர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். பௌதிகத்தின் பெரிய விதிகளெல்லாம் கண்டாகிவிட்டன என்ற அபிப்பிராயத்தையும் அதே நூலில் சொல்லியிருக்கிறார். இரண்டே வருஷத்தில், 1905-ல், ஈதர் வேண்டியதே இல்லை என்று ஐன்ஸ்டீன் எழுதினார். அந்தப் ‘பலிக்காத’ சோதனை புதிய கொள்கைக்குத் தூணாகிவிட்டது.

கருவியும் வீண்போகவில்லை. 2015-ல் ஈர்ப்பு அலையைப் பிடித்த, நான்கு கிலோமீட்டர் கைகளுள்ள அமெரிக்கக் கருவிகள் அதன் வாரிசுகளே.

தம் படைப்புகளில் எது பெரிது என்று மைக்கல்ஸனுக்குத் தெரியவில்லை. விமர்சகராக அவர் தோற்றார். ஆனால் ஆசைப்பட்ட பக்கம் கோட்டை ஒரு மயிரிழைகூடத் தள்ளவில்லையே! என் நாவல் ஒன்றில் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி கணவனை மன்னிக்கிறாள். வாசகர்கள் உருகிக் கடிதம் எழுதினார்கள். அவள் மன்னித்திருக்கமாட்டாள் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களை இப்போது எடுத்துப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.