தானாக விழும் பெயர்

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988இல் ஆர். ராஜமோகன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். அதற்கு முதலில் கிடைத்தது 1988 டிக்யூ1 என்ற குறியீடு. எந்த ஆண்டு, எந்த அரைமாதம், எத்தனையாவது என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. ராமானுஜன் என்ற பெயர் பிறகுதான் வந்தது. யாரும் பெயர் யோசிக்காத நேரத்தில் ஒரு பொருள் எதைச் சுமக்கலாம் என்ற கேள்விக்கு இது ஒரு நேர்மையான பதில்.

கணினி நிரலாளர்களின் பதில் வேறாக இருந்தது. நிரலில் செய்யும் திருத்தங்களைப் பதிந்து காக்கும் 'கிட்' மென்பொருள் 2005இல் வந்தது. அதில் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினால் முதல் கிளைக்கு 'மாஸ்டர்' என்று தானாகவே பெயர் விழும். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான எழுச்சியின் ஊடே இப்பெயர் கேள்விக்குள்ளானது. அவ்வாண்டு அக்டோபரில் கிட்ஹப் தளம் புதிய வேலைகளுக்கு 'மெயின்' என்று மாற்றியது.

"நமக்கு மாஸ்டர்னா டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர். இதுல அடிமை எங்கே வந்தான்?" என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். மூலப்பிரதி என்ற பொருளில்தான் வைத்தார்கள் என்றும் வாதிடுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் எஜமான்–அடிமை என்ற இணை பொறியியலுக்குள் நுழைந்த தடம் இன்னொரு வானாய்வகத்துக்கு இட்டுச்செல்கிறது. கேப் டவுன் வானாய்வகத்தின் இரட்டைக் கடிகாரத்தை 1904இல் விவரித்த டேவிட் கில், ஒன்றை எஜமான் என்றும் மற்றதை அடிமை என்றும் எழுதினார். அங்கே அடிமைமுறை 1834இல் சட்டப்படி ஒழிந்திருந்தது. எழுபது ஆண்டு கழித்து அது வெறும் உவமையாக, யாரையும் உறுத்தாத சொல்லாகத் திரும்பி வருகிறது. வன்முறை இயல்பாகிவிடுவது என்பது இதுதான்.

நம்மூர்ச் சான்று வேண்டுமா? 'காலனி'. அகராதியில் அச்சொல்லுக்குக் குற்றமில்லை. ஆனால் "எந்த ஊரு?" "காலனிங்க" என்ற பிறகு கேட்டவர் முகம் மாறுவதை அகராதி பதியாது. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஆனாலும் 'மெயின்' என்ற மாற்றத்தை நான் கொண்டாடத் தயாரில்லை. எஜமானை எடுத்துவிட்டு மையத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். மற்ற கிளைகள் விளிம்பில்தான் நிற்கின்றன. 2020 ஜூலையில் வந்த கிட் 2.28 செய்த காரியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் கிளையின் பெயரைப் பயனரே முன்கூட்டித் தீர்மானிக்க அது ஓர் அமைப்பைத் தந்தது. பெயரைவிட, பெயரிடும் உரிமை கைமாறியது.

கைமாறியதா என்றால், பாதிதான். அமைப்பைத் திறந்து பார்க்காதவர்களுக்குப் பழைய ஏற்பாடே தொடரும். தானாக விழும் பெயருக்கு நம் சம்மதம் தேவையில்லை. நம் மௌனம் போதும். அதன் அதிகாரமே அதுதான். ஆகவே ஒரு பெயர் புண்படுத்துகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், நான் எதுவும் சொல்லாதபோது என் சார்பில் பேசியது யார் என்றும் கேட்டாக வேண்டும்.