மறைந்திருப்பதன் அச்சம்

ஜின், கருவைக் குறிக்கும் ஜனீன், பித்தைக் குறிக்கும் ஜுனூன் ஆகிய அரபுச் சொற்களுக்கு வேர் ஒன்றே. மறைதல் என்பது அதன் பொருள். அண்மையில் கண்ட இரு படங்களை நாம் இவ்வேரைக் கொண்டே எடைபோட்டோம்.

2024இல் வந்த மலையாளப் படமான 'பிரமயுகம்', கறுப்பு வெள்ளையில் மம்மூட்டியின் முகத்தை இருளில் வைத்தவரை நம்மை நடுங்கச் செய்தது. சாத்தனை வெளியே கொணர்ந்து காட்டியதும் அச்சம் அகன்றுவிட்டது.

பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) பேய்ப் படமன்று. குடிகாரத் தந்தையோடு கொடும் வெயிலில் நடக்கும் சிறுவன், தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயிலிட்டுக் கொள்கிறான். வீட்டிலோ முன்பே குவிந்த கற்கள்! எத்தனை முறை நடந்தானோ, படம் சொல்லவில்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமியிலும் பெரம்பலூரின் மானாவாரிக் காடுகளிலும் இத்தகைய பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுள் சிலர் நம்மிடம் ஓத வந்தவர்கள்.